தில்லிக் குளிரில் திறந்த கார்கள்

புது தில்லி: தலைநகரின் குளிர்காலக் காலையில், துணிக்கூரையை மடக்கிவிட்டு, கம்பளியும் குல்லாயுமாகப் பழங்காலத் திறந்த கார்களில் சிலர் கிளம்புகின்றனர். ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964-ல் தொடங்கிய அணிவகுப்பால் தில்லிக்குப் பழகிப்போன காட்சி இது.

குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. என்ஜின் எண்ணெயும் கெட்டிப்படும். 'சோக்'கை இழுத்துக் காற்றைக் குறைத்து, பெட்ரோலை மிகுதியாகச் செலுத்தினால்தான் என்ஜின் உயிர்பெறும். அப்போது வரும் புகையின் அருமை பின்னால் நிற்பவர்களுக்குத்தான் தெரியும்! புகையை மட்டுப்படுத்தும் கருவிகள் வருவதற்கு முந்தைய வண்டிகள் அல்லவா?

இதே தில்லியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களுக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை, 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சேமிப்பில் வாங்கிய சிறிய காரைப் பலர் கைவிட நேர்ந்தது.

50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கோ 2021-ல் மத்திய அரசு தனி விதிகளை வெளியிட்டது. ரூ.20,000 செலுத்தினால் 10 ஆண்டுகளுக்குப் பதிவு கிடைக்கும். அன்றாடம் ஓட்டக் கூடாது. அணிவகுப்பு, கண்காட்சி, பராமரிப்பு போன்றவற்றுக்கே சாலைக்கு வரலாம். இத்தகைய வண்டிகள் சொற்பமே. அவற்றைக் காப்பதிலும் தவறில்லை. ஆனால் 16 வயதுக் காருக்கு அந்த விதிகளில் இடமில்லை.