பேராசை பெருலாபம்!

'பேராசை பெருநஷ்டம்'னு வீட்ல பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசாமிகளைக் கேட்டுப் பாருங்க... 'அது எல்லா நேரத்துக்கும் பொருந்தாது பாஸ்!' என்பார்கள். அவர்களிடம் 'கிரீடி அல்காரிதம்' என்று ஒரு சங்கதி இருக்கிறது. பேராசைக்கார வழிமுறை! ரொம்ப தூரம் யோசிக்காமல், ஒவ்வொரு படியிலும் அப்போதைக்கு எது பெஸ்ட்டோ அதை எடுத்துக்கொண்டு நகர்வதுதான் இதன் குணம். செமஸ்டர் கடைசியில் எல்லா சப்மிஷனும் ஒரே வாரத்தில் வந்து கழுத்தைப் பிடிக்குமே, அப்போது கைகொடுப்பது இதுதான்.

உங்க வாரம் எப்படி?

காலேஜ், சாப்பாடு, அரட்டை எல்லாம் போக தினமும் உங்களுக்கு 4 மணி நேரம் கிடைக்குதுன்னு வெச்சுக்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை மொத்தம் 20 மணி நேரம். முடிக்க வேண்டிய வேலைகள் ஐந்து.

* லேப் ரெக்கார்டு: 4 மணி நேரம். கெடு, திங்கள் இரவு.
* அசைன்மென்ட்: 2 மணி நேரம். செவ்வாய் இரவு.
* மினி புராஜெக்ட் ரிப்போர்ட்: 6 மணி நேரம். புதன் இரவு.
* செமினார்: 5 மணி நேரம். வியாழன் இரவு.
* ஸ்காலர்ஷிப் விண்ணப்பம்: 4 மணி நேரம். வெள்ளி இரவு.

கூட்டினால் 21. 'ஒரு மணி நேரம்தானே இடிக்குது, சமாளிச்சுடலாம்'னு தோணும். அங்கேதான் மாட்டுவோம்!

ரெண்டு வழி... ரெண்டும் சொதப்பல்!

'சின்ன வேலையை முதல்ல முடிப்போம்'னு அசைன்மென்ட்டில் ஆரம்பித்தால், திங்களன்றே ரெக்கார்டு லேட். கடைசியில் ரிப்போர்ட்டும் லேட்.

சரி, எதற்குக் கெடு முதலில் வருகிறதோ அதை முதலில் செய்வோமா? நல்ல பழக்கம்தான். எல்லாவற்றையும் நேரத்துக்கு முடிக்க வழி இருந்தால், இந்த வரிசையிலேயே முடிந்துவிடும். அமெரிக்காவின் ஜே.ஆர்.ஜாக்சன் 1955-லேயே சொன்ன விதி இது. ஆனால், நம்ம கணக்கில்தான் நேரமே போதவில்லையே! ரெக்கார்டு, அசைன்மென்ட், ரிப்போர்ட் முடிக்கும்போது 12 மணி நேரம் காலி. செமினார் 17-ல் முடியும்; கெடுவோ 16. ஸ்காலர்ஷிப் 21-ல் முடியும், கெடு 20. ஒரு மணி நேரப் பற்றாக்குறைக்கு ரெண்டு வேலை பலி. அதில் ஒன்று, அடுத்த வருஷ ஃபீஸுக்கே ஆதாரமான விண்ணப்பம்!

தூக்கிப் போடு!

1968-ல் 'மேனேஜ்மென்ட் சயின்ஸ்' இதழில் ஜே.எம்.மூர் எழுதிய கட்டுரை இந்தச் சிக்கலுக்கு வழி காட்டியது. இன்று 'மூர்-ஹாட்ஜ்சன்' முறை என்கிறார்கள். ரொம்ப சிம்பிள். கெடு வரிசையிலேயே ஒவ்வொரு வேலையாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள. எங்கே கெடு தாண்டுகிறதோ அங்கே நில்லுங்கள். அதுவரை சேர்த்ததில் அதிக நேரம் தின்பது எதுவோ, அதைத் தூக்கிக் கடைசியில் போடுங்கள். மறுபடி தொடருங்கள்.

நம்ம லிஸ்ட்டில் செமினாரைச் சேர்க்கும்போது 17. இடிக்கிறது! அதுவரை சேர்த்ததில் பெரியது 6 மணி நேர ரிப்போர்ட். தூக்கியாச்சு. இப்போது 11-தான். அடுத்து ஸ்காலர்ஷிப், 15. ஐந்தில் நாலு வேலை டயத்துக்கு ஓகே! வெள்ளிக்குள் மீதியிருக்கும் 5 மணி நேரத்தில் ரிப்போர்ட்டைத் தொட்டால், சனிக்கிழமை ஒரே மணி நேரத்தில் அதுவும் முடிந்துவிடும்.

ஏன் பெரியதைத் தூக்கணும்? எதைத் தூக்கினாலும் எண்ணிக்கையில் குறையப்போவது ஒண்ணுதான். அப்போ, அதிக நேரத்தைத் திருப்பித் தருவதைத் தூக்குவதுதானே லாபம்? அதுதான் இங்கே பேராசை!

ஒரு எச்சரிக்கை. எல்லா வேலைக்கும் ஒரே மதிப்பு என்றால்தான் இந்த விதி செல்லும். ரிப்போர்ட்டுக்கு 50 மார்க், அசைன்மென்ட்டுக்கு 5 மார்க் என்றால் கதையே வேற. மதிப்பு சேர்ந்த இந்தக் கணக்கு, 1972-ல் ரிச்சர்ட் கார்ப் வெளியிட்ட 21 கடினமான கணக்குகளின் பட்டியலிலேயே இருக்கிறது. அங்கே பேராசை மட்டும் போதாது.

இதில் நிஜமான லாபம் எது தெரியுமா? எது லேட்டாகும் என்பது உங்களுக்குத் திங்கட்கிழமையே தெரிந்துவிடுகிறது. புதன் ராத்திரி கண் சிவக்க உட்கார்ந்து, வியாழக்கிழமை காலையில் 'சார், சிஸ்டம் க்ராஷ் ஆகிடுச்சு'ன்னு கதை விட வேண்டாம். திங்களன்றே ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, 'சார், ரிப்போர்ட்டை மட்டும் சனிக்கிழமை தரட்டுமா?'ன்னு நேர்மையாகக் கேட்கலாம்.

முன்கூட்டியே கேட்பவனுக்குக் கிடைக்கும் மரியாதையே தனி. கேட்டுத்தான் பாருங்களேன்!