இங்கு அரசியல் பேசலாம்

என் டீக்கடையில் மூன்றே நாள் ஒரு பலகை தொங்கியது: ‘இங்கு அரசியல் பேசக் கூடாது.’ தமிழ்நாட்டில் எத்தனையோ டீக்கடையிலும் சலூனிலும் இந்த வாசகத்தைப் பார்த்திருப்பீர்கள். நான் அதை மாட்டியதற்குக் காரணம், உடைந்துபோன நாலு கிளாஸ். கழற்றியதற்குக் காரணம், படுத்துப்போன வியாபாரம். வந்தவர்கள் குடித்தார்கள், சில்லறையை வைத்தார்கள், போனார்கள். வாக்குவாதம் ஓடினால் ஆளுக்கு ரெண்டு டீ, நடுவில் ஒரு வடை. பலகை வந்தபின் பெஞ்சு காலியாகவே கிடந்தது.

இது அப்பா தொடங்கிய கடை, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பேருந்து நிலையத்துக்கு எதிரே. அவர் காலையில் தினத்தந்தியைச் சத்தம் போட்டு வாசிப்பாராம். எழுத்துத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். 1967 தேர்தலில் தி.மு.க. ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்றது. ஆட்சிக்கு வந்ததும் அந்த ஒரு படி அரிசி முதலில் சென்னைக்கும் கோவைக்கும்தான் கிடைத்தது. “நெல்லு விளையறது இங்க, மலிவு அரிசி அங்கயா?” என்று இதே பெஞ்சில் வெகுநாள் சண்டை நடந்ததாக அப்பா சொல்வார். அந்தச் சண்டையில் வளர்ந்த கடையில் நான் போய்ப் பலகை மாட்டினேன்.

கிளாஸ் உடைந்தது மகளிர் இலவசப் பயணத்தால். 2021 மே மாதம் புதிய ஆட்சி வந்த கையோடு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தார்கள். “யார் அப்பன் வீட்டுக் காசு?” என்று ஷேர் ஆட்டோ ஓட்டும் தம்பி ஆரம்பித்தான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், “கண்டக்டருக்கு நஷ்டமா, டிரைவருக்கு நஷ்டமா? உனக்கென்ன?” என்றார். பேச்சு கட்சிக்குப் போனது, கட்சியிலிருந்து சாதிக்குப் போனது, பிறகு கை ஓங்கியது.

பலகையைக் கழற்றிய அன்று தலைமையாசிரியர் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். போக்குவரத்துத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது ஒவ்வொரு துறையும் இப்படி ஒன்றை வைக்கிறது. அரசின் இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கிறது, காசில்லை. பெண்களுக்கும் கண்டக்டர் சீட்டுக் கொடுக்கிறார், அதை வைத்துத்தான் எத்தனை பயணம் என்று எண்ணுகிறார்கள், அந்த இழப்பை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு மானியமாகத் தருகிறது என்று வாசித்துக் காட்டினார். “அப்ப நம்ம வரிக்காசுதானே சார்?” என்றான் தம்பி. “ஆமாப்பா, நம்ம காசுதான்” என்றார் அவர். அங்கேயே பாதிச் சண்டை தீர்ந்தது.

மீதிப் பாதியைக் கிளப்பியவர் பூக்காரம்மா. “பஸ்ஸுக்குக் குடுத்தத இப்ப சீட்டுக் கட்டுறேன், அண்ணே” என்றார். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகுதான் உண்மை வந்தது. “நீங்கல்லாம் முன்னாடி என் வண்டியிலதான அக்கா வருவீங்க?” அவன் கோபம் எந்தக் கட்சி மேலும் இல்லை. வண்டித் தவணை மேல் இருந்தது. ஒரு திட்டத்தால் ஒருத்தருக்கு நல்லது நடக்கும்போது இன்னொருத்தர் பிழைப்பு அடிபட்டால் அரசு அவருக்கு என்ன செய்ய வேண்டும்? இது நல்ல கேள்வி. மூன்று மாதம் கட்சிப் பெயர்களுக்கு அடியில் கிடந்தது.

டீக்கடைக்காரனாக நான் கண்டது இதுதான். ஒவ்வொரு அரசியல் வாதத்திலும் ரெண்டு சரக்கு கலந்து கிடக்கிறது. ஒன்று கணக்கு, மற்றது நியாயம். கணக்குக்குச் சண்டை போடக் கூடாது, எடுத்துப் பார்க்க வேண்டும். நியாயத்துக்குச் சண்டை போட்டே ஆக வேண்டும்.

“நாம ஒரு ரூபா குடுத்தா டெல்லியிலேருந்து 29 பைசாதான் வருது” என்பார் பாத்திரக்கடைக்காரர். “புளுகு” என்பார் மருந்துக்கடைக்காரர். ஒருநாள் இதற்கும் தாளை எடுத்தோம், நிதிக்குழு அறிக்கையை. மத்திய அரசு பகிர வேண்டிய வரியில் 100-க்கு 41 ரூபாய் மாநிலங்களுக்கு என்றது 15-ஆவது நிதிக்குழு. அந்த மாநிலப் பங்கில் 2021-26 காலத்துக்குத் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம் என்றது. 2011 கணக்கெடுப்புப்படி நம் மக்கள்தொகை 7.21 கோடி, அதாவது நாட்டில் 100 பேருக்கு ஏறக்குறைய 6 பேர். அந்தக் குழு பங்கு பிரித்த அளவுகோலில் வருமானம் குறைந்த மாநிலங்களுக்குச் சாதகமாக 45 சதவீதம். மக்கள்தொகைக்கு 15, நிலப்பரப்புக்கு 15, காட்டுக்கு 10, வரி வசூல் முயற்சிக்கு 2.5. பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்தியதற்கு 12.5. செஸ், சர்சார்ஜ் என்று வசூலிப்பது இந்தப் பங்கில் சேராது.

பாத்திரக்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மருந்துக்கடைக்காரரும் விடவில்லை. ஒரு கம்பெனி நாடெங்கும் விற்றாலும் தலைமை அலுவலகம் இருக்கும் ஊரில்தான் வருமான வரி ஏறுகிறது, அதை முழுக்க நாம் கொடுத்ததாகச் சொல்லலாமா என்றார். அதுவும் சரிதான். கணக்கு அங்கே முடிந்தது. ஏழை மாநிலத்துப் பிள்ளைக்கு நம் வரியில் பங்கு போவது முறைதானே? குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதற்காக இழக்கலாமா? இதற்கு எந்தத் தாளிலும் விடை கிடையாது. அன்று பாய்லரில் மூன்று முறை தண்ணீர் ஊற்றினேன். ஒரு கிளாஸும் உடையவில்லை.

எங்கள் தெரு ரோட்டுக்கும் ஒரு கதை உண்டு. பணம் ஒதுக்கியாச்சு, தின்னுட்டாங்க என்று ஒரு கோஷ்டி. ஒதுக்கவே இல்லை என்று இன்னொரு கோஷ்டி. ரெண்டு வருஷம் ஓடியது. கடைசியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டோம். பதில் வந்தது: பணம் ஒதுக்கியது உண்மை, ஆனால் அடுத்த தெருவுக்கு. அங்கே ரோடு போட்டே ஆறு மாதம் ஆகியிருந்தது. தினமும் அதில் நடந்துதான் ரெண்டு கோஷ்டியும் கடைக்கு வந்துகொண்டிருந்தது.

அந்தச் சட்டம் 2005-இல் வந்தது. 30 நாளைக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். என் கடையில் ஒரு டீ 12 ரூபாய். அடுத்த முறை யாரோடாவது மல்லுக்கு நிற்கும்போது, அது கணக்கா நியாயமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கு என்றால் 10 ரூபாய் செலவு செய்யுங்கள். நியாயம் என்றால் கடைக்கு வாருங்கள், பெஞ்சு இருக்கிறது.