ரோலர் கோஸ்டர் அடியில் ஒரு வகுப்பு

ரோலர் கோஸ்டரை ஓட்டுவது எது? எஞ்சினா, மோட்டாரா?

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் என்று ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்கா. அங்கே பள்ளி மாணவர்களுக்கென்றே 'இயற்பியல் நாள்' நடத்துகிறார்கள். அன்றைக்குப் பிள்ளைகள் கோணமானியில் நூல் கட்டி, நுனியில் சின்ன எடையைத் தொங்கவிட்டு, தரையில் நின்றபடியே ரோலர் கோஸ்டரின் உயரத்தைக் கணக்குப் போடலாம். எவ்வளவு அருமையான வகுப்பு பாருங்கள்!

அங்குள்ள 'நைட்ரோ' என்ற ரோலர் கோஸ்டர் சுமார் 70 மீட்டர் உயரம். முதல் மேட்டின் உச்சிவரை பெட்டிகளைச் சங்கிலி இழுத்துப் போகும். உச்சியில் விட்டுவிடும். அவ்வளவுதான்! அப்புறம் எஞ்சினும் இல்லை, மோட்டாரும் இல்லை. ஏறும்போது சேர்ந்த ஆற்றலிலேயே மிச்சத் தூரம் முழுக்கப் பறந்து வரும். வழியில் உராய்வும் காற்றும் அந்த ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அதனால்தான் அடுத்து வரும் மேடுகள் எல்லாம் முதல் மேட்டைவிடத் தாழ்வாகவே இருக்கின்றன.

பிள்ளைகளை இப்படிப்பட்ட பூங்காவுக்கு அழைத்துப்போகும் ஆசிரியர்களே, ஏறி உட்காருவதற்கு முன்னால் அந்த முதல் மேட்டை மறக்காமல் காட்டுங்கள்!