காய்ந்த களிமண்ணிலும் தண்ணீர் இருக்கிறது, தெரியுமா?

கெடாவின் அலோர் ஸ்டார் நகரின் ஓரத்தில் மெர்கோங். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் அந்தப் பக்கத்து நெல்வயலில் இறங்கினால், காலடியில் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஒரு மழை பெய்யட்டும், அதே மண் குழைந்து காலைக் கவ்வும்! ஆனால் களிமண்ணில் பிறந்த தரை டைல்ஸ் எத்தனை முறை கழுவினாலும் கரைவதில்லை. நடுவே நடந்தது என்ன? எல்லாம் சூட்டின் வித்தை!

மண்ணுக்குள் இரண்டு வகைத் தண்ணீர், தெரியுமா?
துகள்களுக்கு இடையே தங்கிய ஈரம் 105 முதல் 110 டிகிரி செல்சியஸில் போய்விடும். படிகத்துக்குள் பிணைந்த நீரோ அசையாது! அதை விரட்ட 450 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கயோலினைட் என்ற வெள்ளைக் களிமண் கனிமம் 100 கிலோ எடுத்துச் சுட்டால், ஏறக்குறைய 14 கிலோ நீராவியாகப் பறந்துவிடும்!

வீட்டிலேயே சோதிக்கலாம், தெரியுமா?
வெயிலில் நன்றாகக் காய்ந்த களிமண் உருண்டையைத் தண்ணீரில் போடுங்கள். குமிழிகள் கிளம்பும், ஓரங்கள் உதிரும், கொஞ்ச நேரத்தில் சேறாகச் சரியும். உடைந்த சட்டித் துண்டைப் போடுங்கள். தண்ணீரை உறிஞ்சும், ஆனால் உருவம் மாறாது! பிணைந்த நீரை இழந்த மண் அது.

வெறும் காற்றிலேயே மாறிவிடும் களிமண் உண்டு, தெரியுமா?
ஹாலோய்சைட்! கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்களாகச் சுருண்ட கனிமம். அதன் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் நீர் இளஞ்சூட்டிலேயே வெளியேறும். பிறகு நனைத்தாலும் பழைய நிலைக்கு எளிதில் திரும்பாது. அதனால்தான் மண்ணைச் சோதிப்பவர்கள், எந்தச் சூட்டில் உலர்த்தினோம் என்பதை மறக்காமல் குறித்துவைக்கிறார்கள்.

500 டிகிரி காற்றிலும் மண் வேகாது, தெரியுமா?
டைல்ஸ் தொழிற்சாலையில் களிமண் கூழை உயரமான கூண்டுக்குள் பூந்தூறலாகத் தெளிப்பார்கள். எதிரே வரும் காற்று 500 டிகிரிக்கும் மேல்! ஆனாலும் மணிகள் கருகுவதில்லை. ஈரம் ஆவியாகும்போதே சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது, நம் உடம்பை வியர்வை குளிர்விப்பதுபோல! சில நொடிகளில் 5, 6 சதவீத ஈரத்தோடு குருணையாக விழும். அந்தக் கொஞ்ச ஈரம்தான் அச்சில் அழுத்தும்போது மண்ணை ஒட்டவைக்கிறது.

உலர்த்த ஈரக்காற்று வேண்டும், தெரியுமா?
களிமண் சுருங்குவதெல்லாம் தொடக்கத்தில்தான். அப்போது அவசரப்பட்டால் மேல்தோல் முந்திச் சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், விரிசல் விழும்! ஆகவே பச்சைச் செங்கல்லை உலர்த்தும் அறைகளில் முதலில் ஈரமான சூடுகாற்று, பிறகுதான் உலர்ந்த காற்று. குயவர் புதுப்பானையை நிழலில் வைப்பதும் இதே அறிவுதான்.

அதிகச் சூடே மருந்தும் ஆகும், தெரியுமா?
சுடுமுன் சில நூறு டிகிரி காட்டினால் களிமண்ணின் குழைவு குறையும், மணல்போல் ஆகும். நல்ல மண்ணுக்கு அது கேடு. ஆனால் அளவுக்கு மீறிக் குழைந்து காயும்போதே பிளக்கும் மண்ணுக்கு அதுவே வைத்தியம்!

கடாரத்துச் செங்கல்லே வெப்பமானி, தெரியுமா?
மெர்கோங்கிலிருந்து தெற்கே போனால் பூஜாங் பள்ளத்தாக்கு. ராஜேந்திர சோழன் 1025-இல் படையெடுத்த கடாரம் இந்தக் கெடாதான்! அங்கே சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழாய்வில் செங்கல் கட்டுமானங்களும் இரும்பு உருக்கிய இடங்களும் வெளிவந்தன. பழஞ்செங்கல்லின் தூளை எக்ஸ்ரே கதிரில் பார்த்தால் சூளையின் சூடே தெரிந்துவிடும். கயோலினைட் இன்னும் இருந்தால், அந்தக் கல் 550 டிகிரியைத் தாண்டவில்லை. முல்லைட் என்ற படிகம் பிறந்திருந்தால், சூடு 1,000 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ!

அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள். புறப்படும் முன் அந்தக் களிமண் உருண்டைச் சோதனையை அவர்கள் கையாலேயே செய்யவிடுங்கள்.