தொப்புளில் சீழ்: டாக்டர் எழுதாவிட்டால் கணக்கில் வராது!

பிறந்த குழந்தையின் தொப்புளில் சீழ் பிடித்தால், அதற்கு ஒரு நம்பர் உண்டு.

அந்த நம்பர் பி-38.

பஸ் நம்பர் மாதிரி இருக்கிறதே என்று நினைக்கிறீர்களா? இது உலக சுகாதார நிறுவனம் நோய்களுக்குக் கொடுத்திருக்கும் நம்பர். ஐ.சி.டி. பத்தாவது பதிப்பு என்று அந்தப் பட்டியலுக்குப் பெயர். டோக்கியோவில் பிறந்த குழந்தை என்றாலும், திண்டிவனத்தில் பிறந்த குழந்தை என்றாலும், அந்தப் பட்டியலின்படி தொப்புள் சீழுக்கு நம்பர் ஒன்றுதான்.

இந்த நம்பரைப் போடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். "மெடிக்கல் கோடிங்" என்று சொல்வார்கள். சென்னையில் நர்சிங், பார்மசி, உயிரியல் படித்த இளைஞர்கள் ஏராளமானோர் இந்த வேலை பார்க்கிறார்கள். காலை ரெயிலில் உங்கள் பக்கத்தில் தொங்கிக்கொண்டு வருகிறவர், அமெரிக்க ஆஸ்பத்திரி கேஸ் சீட்டுக்கு நம்பர் போடப் போகிறவராகக்கூட இருக்கலாம்.

ஊகிக்கக் கூடாது

இந்த வேலையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. டாக்டர் எழுதியதற்கு மட்டும்தான் நம்பர். எழுதாததற்கு நம்பர் கிடையாது.

"தொப்புள் சரியில்லை, மருந்து கொடுத்தேன்" என்று டாக்டர் எழுதினால் போதாது. சீழாகத்தான் இருக்கும் என்று கோடிங் பார்ப்பவர் ஊகிக்கக் கூடாது. டாக்டரிடம் திருப்பிக் கேட்க வேண்டும்.

என்னென்ன எழுத வேண்டும்? குழந்தைக்கு எத்தனை நாள், சிவப்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, வீக்கம் உண்டா, சீழ் உண்டா, வாடை உண்டா, ரத்தம் கசிகிறதா, காய்ச்சல் உண்டா, பால் குடிக்கிறதா. எல்லாவற்றுக்கும் மேலாக நோயின் பெயர்: "ஆம்பலைட்டிஸ்". தொப்புள் அழற்சி என்று அர்த்தம்.

ஒரு சொல், வேறு நம்பர்

அமெரிக்கப் பட்டியலில் இதை இன்னும் பிரித்திருக்கிறார்கள்.

தொப்புள் அழற்சியோடு லேசாக ரத்தமும் கசிந்தால் பி-38.1. ரத்தம் இல்லை என்றால் பி-38.9.

அழற்சியே இல்லை, ரத்தம் மட்டும் வருகிறது என்றால் பி-51. கொடி விழுந்த இடத்தில் சின்னதாகச் சிவப்புச் சதை வளர்ந்தால் பி-83.81. குழந்தைக்கு 28 நாள் தாண்டிய பிறகு தொப்புள் அழற்சி வந்தால் எல்-08.82. தொப்புள் வழியாக டெட்டனஸ் வந்தால் ஏ-33.

கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் பி-36 என்ற நம்பரும் சேரும். ஆனால் டாக்டர் "செப்சிஸ்" என்று எழுதியிருக்க வேண்டும். "காய்ச்சல்" என்று மட்டும் எழுதினால் அந்த நம்பர் விழாது.

அங்கே நம்பர் தப்பானால் இன்சூரன்ஸ் கம்பெனி பில்லைத் திருப்பி அனுப்பிவிடும். அது பணத்தோடு போகிற விஷயம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

எண்ணியதால் ஒழிந்தது

1988-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 7 லட்சத்து 87 ஆயிரம் பச்சிளங்குழந்தைகள் டெட்டனசால் இறந்தன என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. துருப்பிடித்த பிளேடில் கொடியை அறுத்தது, அறுத்த இடத்தில் சாணியும் சாம்பலும் வைத்தது, தாய்க்குத் தடுப்பூசி போடாதது ஆகியவைதான் காரணங்கள்.

கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டார்கள். ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகியது. கூடவே, மாவட்டம் மாவட்டமாகக் கணக்கு எடுத்தார்கள். எந்த மாவட்டத்திலும் ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்றுக்கும் குறைவாக வந்தால்தான் ஒழிந்ததாக ஒப்புக்கொள்வோம் என்பது நிபந்தனை. 2015-ல் இந்தியா அந்த நிபந்தனையைத் தாண்டியது.

கேஸ் சீட்டில் "குழந்தைக்கு ஜன்னி" என்று மட்டும் எழுதிப் போட்டிருந்தால், எந்த மாவட்டத்துக்கு ஊசி அனுப்புவது என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

சாவுச் சான்றிதழும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் இறந்தால் டாக்டர் 4-ம் எண் படிவத்தில் காரணம் எழுத வேண்டும். "இதயம் நின்றது" என்று எழுதினால் அது காரணம் ஆகாது. சாகிற எல்லோருக்கும் இதயம் நிற்கத்தான் செய்யும். ரத்தத்தில் கிருமி, அதற்குக் காரணம் தொப்புள் அழற்சி என்று வரிசையாக எழுத வேண்டும். இந்தச் சான்றின் நகலை ஆஸ்பத்திரி நெருங்கிய உறவினருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 2023-ல் திருத்திய சட்டம் சொல்கிறது.

பாட்டி சொன்னாலும் வேண்டாம்

தொப்புள்கொடியில் இரண்டு தமனி, ஒரு சிரை. அந்தச் சிரை நேராக ஈரலுக்குப் போகிறது. கொடியை வெட்டிய பிறகும் சில நாள் வரை அது கிருமிக்குத் திறந்த வாசல்.

"எங்க காலத்துல மஞ்சளும் விளக்கெண்ணெயும்தான் வெச்சோம், ஒண்ணும் ஆகலையே" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். ஒன்றும் ஆகாத குழந்தைகள்தான் வளர்ந்து இன்று நம்மோடு பேசுகின்றன. ஆனவை பேச வரவில்லை.

சாம்பல், சாணி, எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தொப்புளை உலர்வாக வையுங்கள். ஜட்டித்துணி அதன் மேல் படாமல் கீழே மடித்துக் கட்டுங்கள். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் அதை மட்டும் போடுங்கள். கொடி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே விழும். பிடித்து இழுக்காதீர்கள்.

தொப்புளைச் சுற்றிச் சிவந்தாலோ, வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதோடு காய்ச்சல் இருந்தாலும், உடம்பு சில்லிட்டாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும் ராத்திரி என்றும் பார்க்க வேண்டாம்.

திரும்பி வரும்போது டிஸ்சார்ஜ் சீட்டை மடித்துப் பையில் போடுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். நோயின் பெயர் இருக்கிறதா? கொடுத்த மருந்தின் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால், "என்ன நோய்னு எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று கேளுங்கள். அடுத்த முறை எந்த டாக்டரிடம் போனாலும் அந்த ஒரு வரிதான் உங்கள் குழந்தைக்காகப் பேசும்.