‘கேஸ்ட்ரிக்’ என்று நினைத்த வலி

பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துவந்தார் என் அக்கா. நான் அப்போது எஸ்.பி.எம். தேர்வுக்குத் தயாராகிக் கொண்டிருந்தேன். ஒருநாள் இரவு வேலை முடிந்து வந்தவர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“கேஸ்ட்ரிக்காத்தான் இருக்கும். நேரத்துக்குச் சாப்பிட்டாத்தானே?” என்றார் அம்மா. பெனடோல் கொடுத்தோம். விடியற்காலையில், “தோள்பட்டையும் வலிக்குதும்மா” என்றவர் எழுந்து நிற்க முடியாமல் மயங்கி விழுந்தார்.

ஜொகூர் பாருவில் உள்ள மருத்துவமனையில் சிறுநீர்ச் சோதனையும் ஸ்கேனும் செய்தார்கள். கருப்பைக்குள் வளர வேண்டிய கரு, கருக்குழாயிலேயே தங்கிவிட்டிருந்தது. குழாய் வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கசிந்திருந்தது. அந்த இரத்தம் உதரவிதானத்தை உறுத்தியதால்தான் தோள்பட்டை வலித்தது. உடனே அறுவை சிகிச்சை செய்து குழாயை அகற்றி, அக்காவைக் காப்பாற்றினார்கள்.

மாதவிடாய் தள்ளிப்போனது அக்காவுக்குத் தெரியும். “மூனு மாசம் ஆகாம யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு இருந்துட்டேன்” என்றார் பிறகு.

இன்று நான் மருத்துவ ஆய்வகத் துறையில் படிக்கிறேன். அகற்றப்பட்ட உறுப்பு ஆய்வகத்துக்கு வரும் என்பதே அன்று எனக்குத் தெரியாது. அதை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றுவார்கள். கருக்குழாய்த் துண்டில் நஞ்சுக்கொடியின் நுண்ணிய விரல்கள் தெரிந்தால், அது இடம் மாறிய கர்ப்பம் என்று நோயியல் மருத்துவர் உறுதிசெய்வார்.

சினைப்பைக் கட்டி முறுக்கிக்கொண்டாலும் இதேபோன்ற வலி வரும். ஸ்கேனில் இரண்டுமே கருப்பைக்குப் பக்கத்தில் ஒரு கட்டியாகத் தெரியலாம். இளம்பெண்களுக்கு வரும் ‘டெர்மாய்டு’ கட்டிக்குள் முடியும் கொழுப்பும், சில வேளைகளில் பல்லும்கூட இருக்கும்! கருமுட்டையை உருவாக்கும் அணுவிலிருந்து அது வளர்வதே காரணம். அதில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அதை உறுதிசெய்வதும் நுண்ணோக்கிதான்.

நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டு இப்படி இடம் மாறுகின்றன. குழாய் வெடிப்பதற்கு முன்பே கண்டுபிடித்தால், பலருக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தே போதும். அதை உருவாக்கிய அமெரிக்க ஆய்வுக்குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895-இல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். புற்றுநோய்க்காகப் பிறந்த அந்த மருந்து, நஞ்சுக்கொடி அணுக்கள் வேகமாகப் பெருகுவதையும் தடுக்கிறது. ஒரே பாடத்தில் கட்டியையும் கர்ப்பத்தையும் சேர்த்துப் படிப்பது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மாணவர்களே, உயிரியல் பாடத்தில் இனப்பெருக்க மண்டலத்தின் படத்தை வரைந்து மதிப்பெண் வாங்குகிறோம். வீட்டிலோ அந்த உறுப்புகளின் பெயரைச் சொல்லவே கூச்சப்படுகிறோம். மாதவிடாய் தள்ளிப்போய் அடிவயிறு வலித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மயக்கமோ தோள்பட்டை வலியோ சேர்ந்தால் 999-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மீதமிருந்த ஒரு கருக்குழாயோடு அக்கா மீண்டும் கருவுற்றார். இந்த முறை முதல் வாரத்திலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டார். மகளுக்கு இப்போது இரண்டு வயது.