மைனஸ் 1 எப்போ 65,535 ஆகும்?

ஓசூர்ல இருந்து விடியக்காலைல பஸ் பிடிச்சு, அத்திப்பள்ளி ட்ராஃபிக்ல ஒரு மணி நேரம் நின்னு, பெங்களூருக்கு இன்டர்வியூ போனவங்களுக்கு இந்தக் கேள்வி கண்டிப்பா வந்திருக்கும். சி மொழியில, மைனஸ் 1 பெருசா, சைஸ்ஆஃப் இன்ட் பெருசா? சைஸ்ஆஃப் இன்ட் 4. ஸ்கூல் பையன்கூட 4தான் பெருசுன்னு சொல்லுவான். சி கம்பைலர் மைனஸ் 1தான் பெருசுன்னு சொல்லும்.

நான் அந்தப் பதிலை மனப்பாடம் பண்ணிட்டுப் போய் வேலையும் வாங்கிட்டேன். ஆனா அது ஏன்னு எனக்குப் புரிஞ்சது ரெண்டு வருஷம் கழிச்சு, பாகலூர் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்துலதான்.

ஓசூர் ரோஜா பத்தி உங்களுக்குத் தெரியும். பிப்ரவரி 14க்கு முன்னாடி இங்க இருந்து வெளிநாடு வரைக்கும் போகும். வெட்டின பூவை உடனே குளிர் அறையில வைக்கணும். அந்த அறைக்கு ஒரு கன்ட்ரோலர் செஞ்சு கொடுத்தோம். 8 பிட் சிப், ஒரு சென்சார், கம்ப்ரஸரை ஓட்ட ஒரு ரிலே. லாஜிக் ரொம்ப சிம்பிள். வெப்பநிலை 4 டிகிரிக்கு மேல போனா கம்ப்ரஸர் ஆன். 2க்குக் கீழ இறங்கினா ஆஃப். 0க்குக் கீழ போனா அலாரம்.

வெப்பநிலைக்கு 16 பிட் சைன்ட் எண் வெச்சேன், மைனஸ் வரலாம்னு. 4, 2, 0ங்கிற எல்லைகளுக்கு 16 பிட் அன்சைன்ட். எல்லை எதுவும் மைனஸ் இல்லையே, அப்புறம் எதுக்கு சைன்னு நினைச்சேன். என் லேப்டாப்ல மைனஸ் 5 வரைக்கும் கொடுத்து டெஸ்ட் பண்ணேன், எல்லாம் பாஸ்.

பிப்ரவரி முதல் வாரம், ஒரு ராத்திரி. அறை பாதி காலி. சென்சார் ஃபேனுக்குப் பக்கத்துல. 1 டிகிரியில கம்ப்ரஸர் சரியா ஆஃப் ஆச்சு, ஆனா காயில்ல இருந்த குளிர் அறையை இன்னும் கீழ இழுத்துச்சு. 0. அப்புறம் மைனஸ் 1. அந்த நொடியில கம்ப்ரஸர் திரும்ப ஓட ஆரம்பிச்சது, நிக்கவே இல்ல. அலாரமும் அடிக்கல. காலைல தோட்டத்துக்காரர் போன் பண்ணார்: "தம்பி, ரூமுக்குள்ள பூவெல்லாம் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, கொஞ்சம் வந்து பாருப்பா." இதழ் உறைஞ்சு, வெளிய எடுத்ததும் தண்ணி விட்டுக் கருத்துப் போச்சு.

என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம். பழைய டிவிஎஸ் 50 வண்டியோட கிலோமீட்டர் மீட்டரை நினைச்சுக்கோங்க, அதுவும் நம்ம ஓசூர்ல பிறந்த வண்டிதானே. 00000ல இருந்து ஒரு படி பின்னாடி சுத்தினா 99999 காட்டும். பிட்டுலயும் அதே கதை. மைனஸ் 1ஐ 16 பிட்டுல எழுதினா பதினாறும் 1. அதே பதினாறு 1ஐ அன்சைன்ட் கண்ணாடி போட்டுப் பார்த்தா 65,535. பிட் மாறல, படிக்கிற விதம்தான் மாறுது.

சைன்டையும் அன்சைன்டையும் ஒப்பிடும்போது ரெண்டையும் ஒரே வகைக்குக் கொண்டு வரணும். ரெண்டும் ஒரே அளவுன்னா, சி அன்சைன்ட் பக்கம்தான் சாயும். அதனால 65,535 நாலைவிடப் பெருசு, கம்ப்ரஸர் ஆன். 65,535 பூஜ்ஜியத்தைவிடச் சின்னதா? இல்ல, அலாரம் கப்சிப். அன்சைன்ட் எண் எதுவுமே பூஜ்ஜியத்துக்குக் கீழ போகாது. அந்த அலாரம் ஜென்மத்துக்கும் அடிச்சிருக்காது.

சரி, லேப்டாப்ல ஏன் பாஸ் ஆச்சு? இதுதான் எனக்கு ரொம்ப நேரம் பிடிபடாத இடம். இன்ட்டைவிடச் சின்ன வகைகளை ஒப்பிடுறதுக்கு முன்னாடி சி அதையெல்லாம் இன்ட்டா மாத்திடும், மதிப்பு முழுசும் அதுக்குள்ள அடங்கினா. லேப்டாப்ல இன்ட் 32 பிட். 65,535 தாராளமா அடங்கும். ரெண்டு பக்கமும் சைன்ட் இன்ட் ஆகி, கணக்கு சரியா வந்துடும். அந்த 8 பிட் சிப்ல இன்ட்டே 16 பிட்தான், அதிகபட்சம் 32,767. என் எல்லை எண்கள் அன்சைன்டாவே நின்னு, வெப்பநிலையையும் தன் பக்கம் இழுத்துருச்சு. ஒரே கோடு, ரெண்டு மெஷின், ரெண்டு பதில். 1989ல சி மொழிக்கு ஸ்டாண்டர்டு வந்தப்பவே முடிவான விதி இது. நான்தான் படிக்கல.

இது நம்ம மாதிரி சின்ன யூனிட் பசங்களுக்கு மட்டும் வர்ற தப்புன்னு நினைக்காதீங்க. 2002 ஆகஸ்ட்ல ஃப்ரீபிஎஸ்டி ஆபரேட்டிங் சிஸ்டம் ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டுச்சு. சில சிஸ்டம் கால்கள்ல நீளத்தை சைன்ட் எண்ணா வாங்கி, அதிகபட்சத்தைவிடச் சின்னதான்னு மட்டும் பார்த்தாங்க. மைனஸ் எண் கொடுத்தா அந்தச் சோதனையைத் தாண்டிடும். நகலெடுக்கிற இடத்துல அதே எண் பிரம்மாண்டமான அன்சைன்டா மாறி, கர்னல் மெமரி வெளிய வந்துடலாம். என்னோடதுக்கு அப்படியே தலைகீழ்: எனக்கு ஒப்பிடுற இடத்துல உதைச்சது, அவங்களுக்கு ஒப்பிட்ட பிறகு.

தீர்வு? ஜிசிசில டபிள்யூ-ஆல் போட்டா போதும்னு நிறைய பேர் நம்புறாங்க. சி++க்கு ஓகே. சி-க்கு இந்த எச்சரிக்கை டபிள்யூ-எக்ஸ்ட்ரா போட்டாதான் வரும். அதையும் சிப்புக்கான கம்பைலர்ல ஓட்டணும், லேப்டாப்ல ஓட்டினா மேல சொன்ன காரணத்தால வாயே திறக்காது. எச்சரிக்கை வந்ததும் ஒரு காஸ்ட் போட்டு வாயை அடைக்கிற பழக்கம் நம்மகிட்ட இருக்கு, தயவுசெஞ்சு வேண்டாம். வெப்பநிலையை அன்சைன்டா காஸ்ட் பண்ணா, அதே தப்பை நீங்களே கைப்பட எழுதுறீங்க. ஒரு பக்கம் மைனஸ் வரலாம்னா, எதிர்ப்பக்கமும் சைன்டா இருக்கட்டும். மாத்த முடியாத லைப்ரரியில இருந்து அன்சைன்ட் வருதா, முதல்ல பூஜ்ஜியத்துக்குக் கீழயான்னு தனியா கேட்டுட்டு அப்புறம் ஒப்பிடுங்க.

நான் மூணு வரியில அன்சைன்டை எடுத்துட்டு, அன்னிக்கு மத்தியானமே சிப்பை புரோகிராம் பண்ணிக் கொடுத்தேன். தோட்டத்துக்காரர் ஒன்னும் திட்டல. ஆனா அடுத்த தடவை போனப்போ, அறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு சாதா தெர்மாமீட்டர் தொங்குச்சு. இப்பவும் என் டிஸ்ப்ளேயைப் பார்க்குறதுக்கு முன்னாடி அவர் அதைத்தான் பார்க்குறார்.